கோழிக்கு மாட்டும் க்ராப் ப்ரா: வாங்கலாமா, வேண்டாமா?

பெயரைக் கேட்டுச் சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கட்டத்தை எப்போதோ தாண்டியாயிற்று.

க்ராப் ப்ரா என்பது கோழியின் நெஞ்சில் மாட்டும் துணிப் பட்டை. கோழி கொத்தி விழுங்குவது நேராக வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் வலப்பக்கமாகத் தீனிப்பை இருக்கிறது, ஆங்கிலத்தில் அதுதான் க்ராப். தீனி அங்கே தங்கி, ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். அடைப்பாலோ பூஞ்சையாலோ அந்தப் பை வாரக்கணக்கில் உப்பியே இருந்தால் தசை தளர்ந்து தொங்கிவிடும். தீனி வெளியேறும் வாய் மேலே நிற்கும், பையின் அடி அதற்குக் கீழே போய்விடும். அடியில் தேங்கியது புளிக்கும், புளித்த இடத்தில் பூஞ்சை மறுபடி வளரும். மருந்து கொடுத்தால் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். தொங்கும் பையைக் கீழிருந்து ஏந்திக் கொடுப்பதுதான் இந்தத் துணியின் வேலை. மருந்துக் குணம் எதுவும் இதற்குக் கிடையாது. விற்பவர்கள் எழுதுவதைப் படித்தால் துணியை மாட்டியதும் கோழி பிழைத்துக்கொள்ளும் போல இருக்கும், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பாக்கியம் ஒரு வெள்ளைப் பட்டுக்கோழி. மேலே பஞ்சு மாதிரி இறகு, உள்ளே கரிய தோல், காலுக்கு ஐந்து விரல். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா அவளைப் பார்க்கும்போதெல்லாம் "நல்ல சூப்பு" என்று கட்டைவிரலைக் காட்டுவார். அதே தாத்தாதான் அவள் நோயில் கிடந்தபோது தினமும் வேலியருகே வந்து "சாப்பிட்டாளா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். நாங்கள் சிங்கப்பூரில் இருப்பது தரைவீடு, அதனால்தான் கோழி. வீவக எனும் அரசு அடுக்குமாடி வீடுகளில் கோழிக்கு இடமில்லை. தரைவீட்டிலும் பத்துக்கு மேல் கூடாது, வெளிப்பறவைகள் நுழையாதபடி வலை அடித்திருக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் பயம்.

நோய் எப்படிப் பிடிபட்டது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கோழிக்கு இந்தத் துணி தேவையா என்பது அதில்தான் இருக்கிறது. நல்ல கோழியின் தீனிப்பை ராத்திரியில் காலியாகிவிடும். விடிந்ததும், தீனி வைப்பதற்கு முன், நெஞ்சைத் தடவினால் ஒன்றும் தட்டுப்படக்கூடாது. பாக்கியத்துக்குக் காலையிலும் பை நிறைந்திருந்தது. அழுத்தினால் தளும்பியது. வாயருகே முகர்ந்தால் மூன்று நாள் வைத்த இட்லி மாவின் வாடை. எச்சம் தண்ணீராகப் போனது. முஸ்தபா கடையில் வாங்கிய சமையல் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து அதில் அவளை உட்கார்த்தி எடை பார்ப்போம். 950 கிராம் இருந்தவள் 780-க்கு வந்துவிட்டாள். இறகு அடர்ந்த பட்டுக்கோழியைக் கண்ணால் பார்த்து மெலிந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தராசுக்குத் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம், எழுதினால் ஐந்துக்கு ஐந்து.

இந்த ஊரில் நாய்க்கும் பூனைக்கும் தெருவுக்கு ஒரு மருத்துவர் கிடைப்பார். கோழி என்றால் தொலைபேசியை எடுத்தவர் கொஞ்ச நேரம் பேசவே மாட்டார். பறவை பார்க்கும் மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். பையிலிருந்து கொஞ்சம் நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார், கேண்டிடா பூஞ்சை. உலோகத் துண்டு ஏதும் விழுங்கியிருக்கிறாளா என்று எக்ஸ்ரே. அப்புறம் நிஸ்டாட்டின். இந்த மருந்து பூஞ்சையை நேரில் தொட்டால்தான் கொல்லும், அதனால் பை காலியாக இருக்கும்போது, தீனிக்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்றார். தீனியில் கலந்து கொடுத்து "மருந்து கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் கவனிக்க.

ஊரிலிருந்து அத்தை தொலைபேசியில் தன் பங்குக்கு வைத்தியம் சொன்னார். "ஒரு சங்கு விளக்கெண்ணெய ஊத்தி, தலைகீழாப் புடிச்சு உதறும்மா. எல்லாம் வந்துரும்." மருத்துவரிடம் கேட்டேன். தலைகீழாகப் பிடித்தால் வருவது வாயோடு நிற்காது, மூச்சுக்குழாய்க்குள்ளும் போகும், கோழி கையிலேயே போய்விடும் என்றார். அத்தையிடம் "சரிங்க அத்தை" என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பிறகு குழாய்வழித் தீனி. மருத்துவர் கற்றுக் கொடுத்து, அவர் முன்னால் செய்து காட்டிய பிறகுதான் வீட்டில் செய்தோம். அலகைத் திறந்தால் நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால் சின்னப் பிளவு ஒன்று திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். குழாய் அதைத் தொடாமல், கோழியின் வலப்பக்கமாக இறங்க வேண்டும். கஞ்சி 39, 40 பாகை சூட்டில் இருக்க வேண்டும். ஆறினால் பையிலேயே நிற்கும், கொதித்தால் பை வெந்துவிடும். என் கணவர் பிடித்துக்கொள்வார், நான் ஊட்டுவேன். பேசக்கூடாது என்பது வீட்டு விதி.

பூஞ்சை போனது, எடை கொஞ்சம் ஏறியது. ஆனால் பை மட்டும் சுருங்கவே இல்லை, நடந்தால் முன்னால் ஆடியது. மருந்தை நிறுத்திய சில நாளில் மறுபடி வாடை. அப்போதுதான் மருத்துவர் இந்தத் துணியைப் பற்றிச் சொன்னார். கூடவே ஒரு எச்சரிக்கை: பை கல்லாக அடைத்திருக்கும்போதும் நீர் நிறைந்து தளும்பும்போதும் மாட்டவே கூடாது. அழுத்தத்தில் உள்ளிருப்பது மேலேறி வாய்க்கு வரும், மூச்சுக்குழாயில் இறங்கும். முதலில் காலி செய்ய வேண்டும், அப்புறம்தான் தாங்கு.

இனி பொருளுக்கு வருவோம். இணையத்தில் வெளிநாட்டுக் கடை ஒன்றில் வாங்கினேன். துணி 28 வெள்ளி (டாலர்), அனுப்பும் செலவு 11. சின்னக் கோழிக்கான அளவைக் கேட்டால் பெரிய அளவு வந்தது. மாற்றித் தரச் சொன்னால் திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது என்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, சின்னதை மறுபடி காசு கொடுத்து வாங்கினேன். வாய்க்குள் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சின்னதிலும் குறை இருந்தது. இறக்கைக்கு இரண்டு துளை, முதுகில் குறுக்காக இரண்டு வார், நெஞ்சில் ஏந்தும் அகலப் பட்டை. வடிவம் நல்ல வடிவம்தான். ஆனால் துணி, கடலில் முக்குளிப்பவர்கள் உடையில் வருமே, அந்த மாதிரி தடித்த ரப்பர்த் துணி. குளிர் நாட்டுக் கோழிக்குச் சரி. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மத்தியானம் 32 பாகை, மழைக்கு முந்திய புழுக்கம், அதில் நெஞ்சில் இந்தப் போர்வை. மாட்டி அரை மணி நேரத்தில் பாக்கியம் இறக்கையைப் பிரித்துக்கொண்டு இரைக்க ஆரம்பித்தாள். கழற்றிவிட்டோம். அடுத்த குறை, முதுகு வாரின் வெல்க்ரோ. சாதாரணக் கோழியின் இறகு வழுக்கிக்கொண்டு போகும். பட்டுக்கோழியின் பஞ்சிறகு அதில் போய் ஒட்டிக்கொண்டது. கழற்றும்போது பிடுங்கிக்கொண்டு வந்தது, அவள் போட்ட கூச்சலில் தாத்தா வேலிக்கு வந்துவிட்டார்.

வடிவம் நன்றாக இருந்து துணியும் பிடிப்பும் மட்டும் கெட்டிருந்தால் என்ன செய்வோம்? தேக்காவுக்குப் போவோம். தேக்கா சந்தையின் மாடியில் துணிக்கடைகளுக்கு நடுவே தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அதில் வழக்கமாக என் ரவிக்கைகளைப் பிரித்துத் தரும் அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாப்பா டிரஸ்ஸாக்கா? கை வைக்கிற எடம் ரொம்பக் கீழ இருக்கே."

"கோழிக்குண்ணே."

அவர் சிரிக்கவில்லை. அளவு நாடாவை எடுத்து மேசையில் போட்டு, "கோழிய எங்க, கூட்டிட்டு வரலையா?" என்று கேட்டார். நெஞ்சுச் சுற்றளவு, இறக்கையிலிருந்து இறக்கைக்குத் தூரம், கழுத்தடியிலிருந்து பையின் அடி வரை எவ்வளவு என்று எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். ரப்பர்த் துணியைப் பிரித்து அதையே மாதிரியாக வைத்து, நான் கொண்டுபோன பழைய வெள்ளைப் பருத்திச் சுடிதாரில் இரண்டடுக்காக வெட்டினார். பை உட்காரும் இடத்தில் மட்டும் உள்பக்கம் சின்னதாக மடிப்பு எடுத்துக் குழிவு கொடுத்தார். கடையில் வந்ததில் அந்த இடம் தட்டையாக இருந்தது, பையை ஏந்தாமல் நசுக்கியது. ரவிக்கை தைக்கிறவருக்குத் தெரிந்த விஷயம், கோழிக்கென்றே தைத்து விற்கிறவர்களுக்குத் தெரியவில்லை!

வெல்க்ரோவுக்குப் பதில் கொக்கி வைக்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன். பளபளவென்று எதைக் கண்டாலும் கோழி கொத்தும், கொக்கி ஒன்று உள்ளே போனால் மறுபடி எக்ஸ்ரேதான். கடைசியில் துணி சுற்றிய பொத்தான் இரண்டும், நீளத்தை மாற்றிக்கொள்ள வசதியாக நாடாவும் முதுகில் வைத்தார். மாற்றிக் கட்ட இன்னொன்றும் தைத்துக்கொண்டேன். இரண்டுக்கும் சேர்த்து 15 வெள்ளி.

முதல் நாள் மாட்டினால் கோழி பின்பக்கமாக நடக்கும். பயப்படாதீர்கள். உடம்பில் ஏதோ பிடித்துக்கொண்டது, அதிலிருந்து வெளியே வரப் பார்க்கிறது. பாக்கியம் முற்றத்தைப் பின்னாலேயே கடந்து, பூந்தொட்டியில் மோதி நின்று, தொட்டியை முறைத்தாள். மறுநாள் மறந்துவிட்டாள். இறுக்கம் சரியா என்று பார்க்க, துணிக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் தடையில்லாமல் போக வேண்டும். தீனி தின்ற பிறகு மறுபடி விட்டுப் பாருங்கள், அப்போது பை பெரிதாகியிருக்கும். காலையில் பிடித்த இறுக்கம் சாயங்காலத்துக்கு ஆகாது, நாடா வைத்ததன் அருமை அங்கேதான் தெரிகிறது.

தினமும் ஒருமுறை கழற்றி, இறக்கை அடியில் தோல் சிவந்திருக்கிறதா, பேன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துணி மூடிய இடத்தை அவளால் கோதிக்கொள்ள முடியாது, அந்த வேலை நம் தலையில். ஈரமானால் உடனே மாற்றவும். பட்டுக்கோழியின் இறகில் தண்ணீர் வழிந்தோடாது, ஊறி நிற்கும். மழைச்சாரல் அடிக்கும் மாதங்களில் இந்தத் துணியைத் துவைத்துக் காயவைப்பதே ஒரு வேலை.

பலன் உண்டா என்றால், உண்டு. விடிகாலையில் தடவிப் பார்க்கும்போது பை காலியாக இருக்கும் நாட்கள் வரத் தொடங்கின. முதலில் விட்டுவிட்டு, பிறகு பெரும்பாலான நாட்களில். வாடை திரும்பவில்லை. எடை 900-ஐத் தாண்டியது. பை முழுதாகப் பழைய அளவுக்குச் சுருங்கவில்லை, சுருங்காது என்று மருத்துவரும் சொல்லிவிட்டார். துணி இனி அவளுக்கு நிரந்தரம். ஊறவைத்த தீவனம், மசித்த அவித்த முட்டை, அரைவைப்பையில் தீனி அரைபடக் கொஞ்சம் கிரானைட் குருணை, இவ்வளவுதான் சாப்பாடு. நீளப் புல் கண்ணிலேயே படக்கூடாது, அது பையில் கயிறாகத் திரித்துக்கொள்ளும். இத்தனையும் சேர்ந்து செய்த வேலையில் துணியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் துணியில்லாமல் மற்றதையெல்லாம் செய்து பார்த்த காலத்தில் நோய் திரும்பித் திரும்பி வந்தது.

கடையில் வாங்கியதற்கு ஐந்துக்கு இரண்டு. வடிவத்துக்கு ஒன்று, யோசனைக்கு ஒன்று. தேக்கா அண்ணன் தைத்ததற்கு நாலரை, அரையைக் குறைத்தது, அழுக்கு பளிச்சென்று தெரியும் வெள்ளைத் துணியைக் கொண்டுபோன என் கணக்கில். பை தொங்காத கோழிக்கு இது தேவையே இல்லை. நோய் என்னவென்று மருத்துவர் பார்க்காத கோழிக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

பெரிய அளவு ஒன்று பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. இரண்டு கிலோ, இரண்டரை கிலோ கோழிக்குச் சரியாக இருக்கும். உள்ளூரில் யாருக்காவது தேவைப்பட்டால் காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளலாம். துணியை மட்டும் மாற்றித் தைத்துக்கொள்ளுங்கள்.