எச்சரிக்கை: கையால் சுற்றும் பழைய மின்சிகிச்சைக் கருவியைச் சீரமைக்கக் கொடுத்து 420 பவுண்டு இழந்தேன்

420 பவுண்டு. பழைய அறிவியல் கருவிகளைப் பழுது பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவரை நம்பி நான் கொடுத்த தொகை இது. கருவி வீடு திரும்பிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. இனிமேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று அவர் எழுதிய கடைசி மின்னஞ்சல் இன்று காலைதான் வந்தது. இங்கிலாந்தில் இத்தகைய பொருட்களைச் சேர்க்கும் நம்மவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களில் இன்னொருவர் அந்தப் பட்டறையின் வாசலில் போய் நிற்கக்கூடாது என்பதால் கோபம் ஆறுவதற்கு முன்பே எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் எது கெட்டது என்பது விளங்காது. மனநல மருத்துவத்தில் 1938-இல் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சிகிச்சை வேறு. இது அதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்த வகை. 1854-இல் ஏரி டேவிஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவத்தைத் தழுவி இங்கிலாந்திலும் ஏராளமாகச் செய்து விற்றார்கள். கையில் தூக்கிச் செல்லக்கூடிய மஹோகனிப் பெட்டி, அதற்குள் ஒரு லாடக் காந்தம், காந்தத்தின் முனைகளுக்கு எதிரே தேனிரும்பின்மேல் சுற்றிய இரண்டு கம்பிச்சுருள்கள், அவற்றைச் சுழற்றும் பித்தளைச் சக்கரம். பெட்டியின் பக்கத்துத் துளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால், 1831-இல் ஃபாரடே கண்டறிந்த மின்தூண்டலின்படி சுருளில் மின்னோட்டம் பிறக்கும். அச்சோடு உரசும் மெல்லிய உலோக வில் ஒன்று அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்ப அறுத்துவிடும்; அறும் கணத்தில் மின்னழுத்தம் எகிறி, இரண்டு பித்தளைக் குழல்களையும் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு வரை சுரீரென்று ஏறும். நரம்பு வலிக்கும் பல்வலிக்கும் இதுவே மருந்து என்று மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டு சொன்னது. அது மருந்து என்று நான் நம்பவில்லை. ஆனால் அமிலம் ஊற்றிய மின்கலம் எதுவும் இல்லாமல், கையால் சுற்றியே மின்சாரம் உண்டாக்கிய அந்தக் காலத்துக் கைவேலைப்பாட்டின் மீது எனக்கு மாறாத மதிப்பு உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நியூவர்க் பழம்பொருள் சந்தையில் வாங்கியபோது அதில் இருந்த குறைகள் இரண்டே. சக்கரத்திலிருந்து சுருளின் அச்சுக்கு ஓடும் நூல்பட்டை இற்றுப்போயிருந்தது. ஒரு சுருளின் கம்பி நுனியில் அறுந்திருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. சுருளில் பச்சைப் பட்டு நூல் சுற்றிய செம்புக் கம்பி, பித்தளையின்மேல் தேன் நிறத்தில் முதிர்ந்த பழைய மெருகெண்ணெய், எழுத்து மங்காத சீட்டு.

பழம்பொருள் விற்பனைக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆட்களை இணைத்துவைக்கும் இணையச் சந்தை ஒன்றில்தான் அவரைக் கண்டுபிடித்தேன். நேரில் பார்க்காமல் கொடுக்க மனம் வராததால், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ரயிலில் போனேன். மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்து, மூடியைத் திறந்து, எதையும் தொடுவதற்கு முன் அவர் கேட்ட முதல் கேள்வி, “காந்தத்துக்குக் கீப்பர் இருக்கிறதா?” என்பது. லாடக் காந்தத்தின் இரண்டு முனைகளையும் இணைத்துக் குறுக்கே போட்டுவைக்கும் தேனிரும்புத் துண்டைத்தான் அப்படிச் சொல்வார்கள். அது இல்லாமல் பழைய எஃகுக் காந்தத்தைக் கழற்றி வைத்தாலோ, தட்டினாலோ, சூடாக்கினாலோ அதன் பலம் குறைந்துவிடும். இதைப் பற்றி வாய் திறந்தவர் அதுவரை ஒருவரும் இல்லை. அந்த ஒரு கேள்வியில் நான் விழுந்துவிட்டேன். இணையச் சந்தையின் வழியாகச் செலுத்தினால் கமிஷன் போய்விடும் என்று அவர் சொன்னதும் தவறாகப் படவில்லை. 250 பவுண்டை அங்கேயே அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். என்ன வேலை செய்யப் போகிறார் என்று எழுதித் தரக் கேட்டபோது, தோளைத் தட்டி, இதெல்லாம் நம்பிக்கையில் நடப்பது என்றார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டது, “ரசீது வாங்கினீங்களா?” என்றுதான். என்னிடம் பதில் இல்லை.

ஏழு வாரம் கழித்து ஒரு சிறு காணொளி அனுப்பினார். சக்கரம் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுழன்றது. சக்கரம் சுழல்வது வேறு, மின்சாரம் பிறப்பது வேறு என்பதை அந்த மகிழ்ச்சியில் நான் யோசிக்கவில்லை. மீதி 170 பவுண்டையும் அனுப்பிவிட்டேன். மொத்தம் 420 பவுண்டு.

கூரியரில் வந்த பொதியைப் பிரித்ததும் முதலில் வார்னிஷ் நெடிதான் வந்தது. மஹோகனியைத் தேய்த்து வெளிறச் செய்து, கண்ணாடிபோல் பளபளக்கும் பிளாஸ்டிக் பூச்சு அடித்திருந்தார். பித்தளையை மோட்டார் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றியதில், விளிம்புகளும் சக்கரத்தில் பொறித்திருந்த நுண்கோடுகளும் மழுங்கிப்போயிருந்தன. பச்சைப் பட்டுக் கம்பியைக் காணவில்லை. அந்த இடத்தில் இன்றைய மின்விசிறி மோட்டாரில் இருக்கும் செந்நிற எனாமல் கம்பி, பழைய கனத்தில் பாதிகூட இல்லாமல் சுற்றப்பட்டிருந்தது. மூடிக்குள் இருந்த சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, கணினியில் அச்சடித்த வண்ண நகல் ஒன்றை ஒட்டியிருந்தார். அதன் ஓரத்தில் வெள்ளைத்தாள் தெரிந்தது.

கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். பித்தளைக் குழல்களில் விரல் நுனியை வைத்தும் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வுகூட இல்லை. முன்பு என் வீட்டுச் சாவிக் கொத்தைத் தூக்கி நிறுத்திய காந்தம், இப்போது ஒரு கொண்டை ஊசியைப் பிடித்து வைக்கத் திணறியது. என் காந்தம் மூன்று எஃகுத் தகடுகளை அடுக்கித் திருகால் இறுக்கியது. அதன்மேல் இருந்த சிவப்பு வண்ணத்தைச் சுரண்டிவிட்டு, திருகைத் தளர்த்தி, தகடுகளை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி, சிறிய திசைகாட்டியை ஒவ்வொன்றின் அருகிலும் கொண்டுபோனேன். இரண்டு தகடுகளிடம் ஊசியின் வட முனை இடப்பக்கம் திரும்பியது. நடுத்தகட்டிடம் வலப்பக்கம் திரும்பியது. கழற்றியவர் நடுத்தகட்டைத் தலைமாற்றி மாட்டிவிட்டார். ஒத்த முனைகள் ஒரே பக்கம் சேர்ந்தால்தான் அடுக்குக் காந்தத்துக்குப் பலம். மாற்றி வைத்தால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டே கிடக்கும். கீப்பர் இருக்கிறதா என்று கேட்ட மனிதர் செய்த வேலை இது.

அன்று இரவே புகைப்படங்களோடு எழுதினேன். பழைய காந்தம் பலம் இழப்பது இயல்பு என்று பதில் வந்தது. தகடு தலைமாறியிருப்பதைச் சொன்னேன். கூரியரில் குலுங்கியிருக்கும் என்றார். திருகால் இறுக்கிய எஃகுத் தகடு குலுங்கித் தலைமாறுமா என்று கேட்டதற்கு இரண்டு நாட்கள் பதிலே இல்லை. பிறகு, “புதுப்பிக்கச் சொன்னீர்கள், புதிதாகத்தானே இருக்கிறது” என்று ஒரே வரி. பழைய கம்பியையும் சீட்டையுமாவது திருப்பித் தாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். குப்பையோடு போய்விட்டன என்றார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் கையால் சுற்றிய கம்பியைக் குப்பை என்று எழுத எப்படி மனம் வந்ததோ தெரியவில்லை. இணையச் சந்தையின் உதவிப் பிரிவோ, பணம் தங்கள் வழியாக வராததால் இது தங்கள் பொறுப்பல்ல என்ற ஒரே பத்தியை மூன்று முறை அனுப்பியது. 420 பவுண்டில் ஒரு பென்னிகூடத் திரும்பவில்லை.

இத்தகைய கருவி வைத்திருப்பவர்களுக்கு விரிவாக எழுத நினைத்திருந்தேன். இப்போது முடிந்தது இவ்வளவுதான். எந்தக் காரணத்துக்காகவும் சந்தைக்கு வெளியே வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பழுதுபார்ப்பவருக்கே நேரடியாகக் கொடுப்பதென்றால் கடன் அட்டையில் செலுத்துங்கள். 100 பவுண்டுக்கு மேல் விலையுள்ள வேலை என்றால் அட்டை நிறுவனத்தையும் பொறுப்பாக்கச் சட்டத்தில் வழி உண்டு. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, கழற்றிய பழைய துண்டுகள் அனைத்தும் திரும்பி வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் கம்பி, சீட்டு, காந்தத்தின் முனைகள் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். சக்கரம் சுழலும் காணொளியைப் பார்த்து மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். மின்சாரம் வருவதை மானியில் காட்டச் சொல்லுங்கள்.

2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின்படி, வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டியது அவருடைய கடமை. வழக்குக்கு முந்தைய கடிதத்தை இன்றிரவே முடித்து, நாளைக் காலை பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதை இங்கேயே எழுதுவேன்.