விண்டோஸ் 8 போட்ட லேப்டாப் எல்லாம் டச் லேப்டாப் இல்லை! 41,500 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன்

பொங்கலுக்கு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போன சனிக்கிழமை, 2013 ஜனவரி 5ஆம் தேதி, 41,500 ரூபாய் கொடுத்து, திரையை விரலால் தொட்டே ஓட்டுகிற ‘டச் லேப்டாப்’ என்று ஒன்றை வாங்கினேன். அதன் திரையைத் தொட்டால் கைரேகை விழுகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. ஒரு வாரம் கடைக்கு நடையாய் நடந்து, இன்று மத்தியானம் மேனேஜரிடம் பேசிவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். கடை பெயரைப் போடவில்லை, புகார் கொடுக்கப் போகிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நாலைந்து கம்பெனி லேப்டாப்களை ஒன்றாக வைத்து விற்கும் ஏசி ஷோரூம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒன்று இருக்கும்.

லேப்டாப் எனக்காக வாங்கவில்லை, அம்மாவுக்காக. முப்பது வருஷம் சத்துணவுக் கூடத்தில் உழைத்தவர். வலது கை விரல் மூட்டெல்லாம் வாதத்தில் வீங்கிக் கிடக்கிறது. மவுஸைப் பிடித்து, அம்பை ஒரு சின்ன இடத்தில் நிறுத்தி, இரண்டு தரம் தட்டுவது அவரால் ஆகாது. அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். பேத்தியை ஸ்கைப் வீடியோ காலில் பார்க்க வேண்டும், அதற்கு ஒவ்வொரு முறையும் நான் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அக்கா அனுப்பியது 25,000. நான் சேர்த்து வைத்தது 16,500. மொத்தம் 41,500.

2012 அக்டோபர் 26ஆம் தேதி விண்டோஸ் 8 வெளியானதிலிருந்து எங்கே பார்த்தாலும் விரலால் தள்ளுவதைத்தான் காட்டுகிறார்கள். பெரிய பெரிய வண்ணக் கட்டங்கள், ஒரு தட்டு தட்டினால் திறக்கிறது. அம்மாவின் கைக்கு இதுதான் சரி என்று நினைத்தேன். இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன், அந்த எண்ணத்தில் தப்பில்லை.

கடையில் மேசை மேல் ஒரு டெமோ பீஸ் இருந்தது. விற்பனைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். “நீங்களே தொட்டுப் பாருங்கம்மா” என்றான். அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு திரையில் வைத்துத் தள்ளினார். கட்டங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. திரும்பவும் தள்ளினார், ஓடின. வலது ஓரத்திலிருந்து உள்ளே இழுத்தால் ஒரு பட்டை வந்தது. போட்டோ கட்டத்தைத் தொட்டார், படம் திரை முழுக்க விரிந்தது. “இது எனக்கே வருதுப்பா” என்று என்னைப் பார்த்தார். அந்த நிமிஷத்தில் நான் வாங்கிவிட்டேன். அதற்கப்புறம் மாடல் எண்ணும் கேட்கவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

“இதே பீஸ்தான் சார், குடோன்ல இருந்து சீல் பிரிக்காத பாக்ஸ் வருது” என்றான். இதிலும் டச் இருக்குமா என்று ஒரு தடவை கேட்டேன். “விண்டோஸ் 8னாலே டச்தான் சார்” என்றான். அந்த வாக்கியத்தை மறக்க மாட்டேன். 31ஆம் தேதியோடு ஆஃபர் முடிகிறது, அப்புறம் விலை ஏறும் என்று வேறு அவசரப்படுத்தினான். அந்த ஆஃபர் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் 8 ப்ரோ ஏற்றிக்கொள்வதற்கான 1,999 ரூபாய் சலுகை என்று இப்போதுதான் தெரிகிறது. புது லேப்டாப் விலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பெட்டியைப் பிரித்து ஆன் செய்து காட்டச் சொன்னேன். கரண்ட் இல்லை, கடை ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. “புது பேட்டரி சார், வீட்ல நாலு மணி நேரம் சார்ஜ் போட்டுட்டுத்தான் ஆன் பண்ணணும்” என்றான். நம்பினேன். 41,500க்குக் கார்டைத் தேய்த்து, பில்லில் கையெழுத்துப் போட்டு, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம்.

இரவு பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் ஆன் செய்தோம். அதே வண்ணக் கட்டங்கள். அம்மா விரலை வைத்துத் தள்ளினார். ஒன்றும் நகரவில்லை. “நல்லா அழுத்தும்மா” என்று சொன்னேன். வீங்கின விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். தன் விரலில்தான் ஏதோ கோளாறு என்று அம்மா நினைத்துவிட்டார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் அந்த விற்பனைப் பையனுக்குப் போன் செய்தேன். டச்சை வேலை செய்ய வைக்கும் ‘டிரைவர்’ மென்பொருள் நெட்டிலிருந்து இறங்க வேண்டும், ராத்திரி முழுக்க ஆனில் வையுங்கள் என்றான். இங்கே ராத்திரியில் ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருப்பதில்லை. அப்படியும் இரண்டு ராத்திரி வைத்தேன். அப்புறம் சர்வீஸ் ஆள் வருவார் என்றார்கள், புதன்கிழமை வரை வரவில்லை. கம்பெனியின் கஸ்டமர் கேரில் பெட்டியிலுள்ள எண்ணைச் சொன்னதும் அந்தப் பெண் ஒரு நொடியில் சொல்லிவிட்டார்: “சார், உங்க மாடல்ல டச் கிடையாது. டீலர்கிட்ட பேசுங்க.” கடையின் டெமோ பீஸும் என்னுடையதும் பார்க்க ஒரே மாதிரி, ஒரே நிறம். மாடல் எண்ணில் கடைசி எழுத்து ஒன்று மட்டும் வேறு. அதே கடையின் விளம்பர நோட்டீஸில் என் மாடல் 34,000 என்று போட்டிருக்கிறது. என்னிடம் வாங்கியது 41,500.

இந்த ஒரு வாரத்தில் விண்டோஸ் 8ஐ டச் இல்லாமல் ஓட்டிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். விரலுக்கு அது எவ்வளவு சுலபமோ, மவுஸுக்கு அவ்வளவு கஷ்டம். ஸ்டார்ட் பட்டனே இல்லை. இடது கீழ் மூலைக்கு அம்பைக் கொண்டுபோய்த் தட்ட வேண்டும், கொஞ்சம் தள்ளிப் போனால் வேறு எதையாவது திறந்துவிடும். கம்ப்யூட்டரை அணைக்க வலது மூலைக்குப் போய், பட்டை வந்ததும் அதிலிருந்து அம்பு விலகாமல் செட்டிங்ஸுக்கு நகர்த்தி, அப்புறம் பவர், அப்புறம் ஷட் டவுன். ஒரு பிடிஎஃப் திறந்தால் முழுத் திரையையும் அடைத்துக்கொள்கிறது. மூடுவதற்குப் பெருக்கல் குறி கிடையாது. மேல் விளிம்பைப் பிடித்துக் கீழே வரை இழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் விரலுக்கு ஒரே இழுப்பு, டெமோ பீஸில் அம்மா தானே செய்தார். மவுஸில் எனக்கே இரண்டு நாள் பிடித்தது. மூலையில் அம்பை நிறுத்த முடியாத ஒருவருக்கு, மூலை மூலையாக ஒளித்து வைத்த இதை விற்றிருக்கிறார்கள். பழைய விண்டோஸ் 7ஐயாவது நான் பக்கத்தில் இருந்தால் ஓட்டுவார்.

இன்று மேனேஜரைப் பார்த்தேன். “பில்லில் டச்னு எழுதியிருக்கா? காட்டுங்க” என்றார். பில்லில் மாடல் எண் மட்டும்தான் இருக்கிறது. உங்கள் ஆள் சொன்னானே என்றேன், “அவன் லீவு” என்றார். மாற்றிக் கொடுங்கள், வித்தியாசம் இருந்தால் கட்டுகிறேன் என்றுகூடச் சொன்னேன். சீல் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். கடைசியில் சொன்னார்: “பெரியவங்களுக்கு எதுக்கு சார் விண்டோஸ் 8? 1,500 ரூபாய் குடுங்க, 7 போட்டுத் தர்றோம்.” 41,500 வாங்கியவர் மேலும் 1,500 கேட்கிறார். டெமோ பீஸ் அதே மேசையில் இருந்தது, ஒரு சின்னப் பையன் விரலால் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். விண்டோஸ் 8 என்பது உள்ளே இருக்கும் மென்பொருள், டச் என்பது திரை. ஒன்று இருந்தால் மற்றது இருக்கும் என்று அர்த்தமில்லை. உங்களுக்குத் தரும் பெட்டியையே கடையில் பிரிக்கச் சொல்லுங்கள், உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். பேட்டரி, சார்ஜ் என்று என்ன சொன்னாலும் கேட்காதீர்கள். இடது கீழ் மூலையில் ரைட் கிளிக் செய்து ‘சிஸ்டம்’ போனால் ‘பென் அண்ட் டச்’ என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் டச் இன்புட் இல்லை என்று தெளிவாகப் போட்டிருக்கிறது, முதல் நாளே அதைப் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது. பில்லில் ‘டச் ஸ்கிரீன்’ என்று கையால் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் வெளியே வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1800-11-4000 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். மாவட்ட நுகர்வோர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க இரண்டு வருஷம் வரை நேரம் உண்டு. நான் பில், விளம்பர நோட்டீஸ், பெட்டியின் போட்டோ, சிஸ்டம் பக்கத்தின் பிரிண்ட் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். பொங்கல் லீவு முடிந்ததும் கடைக்கு ரிஜிஸ்டர் தபாலில் நோட்டீஸ் போகும், 41,500 ரூபாயையும் முழுதாகத் திருப்பிக் கேட்டு. இதே மாதிரி டெமோ ஒன்று, பெட்டியில் வேறொன்று என்று யாருக்காவது நடந்து, நுகர்வோர் நீதிமன்றம் வரை போயிருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.