லீக்ல முதல் வாற டீமுக்கு ஷீல்டு செய்யணுமா, வடசேரி கடைக்கு போங்க

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுல இருந்து கொஞ்சம் நடந்தா ஒரு சின்ன ஷீல்டு கடை இருக்கு, எங்க கடற்கரை புட்பால் லீக்குக்கு ரோலிங் ட்ராபி, அதான் வருசா வருசம் ஜெயிக்க டீமுக்கு கை மாறுக கப்பு, அங்கதான் செஞ்சோம், வேலை அவ்வளவு சுத்தம்.

எதுக்கு செஞ்சோம்னா, தூத்தூர் பக்கம் பயலுவ சீசன் பூரா ஓடி பாயின்ட்ல முதல்ல நிப்பானுவ, பைனல்ல பெனால்டில தோத்தா அம்புட்டுதான், ஒரு கப்பும் கிடையாது. அமெரிக்காவுல ஈசிஎச்எல்னு ஒரு ஐஸ் ஹாக்கி லீக், அங்க உள்ள பெரிய ஹாக்கி லீக்கான என்எச்எல்லுக்கு ரெண்டு படி கீழ உள்ளது, அங்க லீக் ஆட்டத்துல பாயின்ட் அதிகம் எடுக்க டீமுக்கு பிராபாம் கப்னு தனியா குடுக்காவ, லீக் முடிஞ்சு நடக்க நாக்அவுட் சுற்றான பிளேஆப் ஜெயிச்சா கெல்லி கப், அது வேற. 2022-23ல ஐடாஹோ ஸ்டீல்ஹெட்ஸ் 72 மேட்ச்ல 58 ஜெயிச்சு 119 பாயின்ட் எடுத்தாவ, அப்புறம் பிளேஆப் பைனல்ல புளோரிடா எவர்பிளேட்ஸ்கிட்ட நாலு மேட்சும் தோத்து 4-0னு போச்சு! ஆனா அந்த 58 ஜெயத்துக்கு கையில தூக்க பிராபாம் கப் இருந்துச்சுல்லா, அதுதான் எனக்கு பிடிச்சது. நம்ம இந்தியன் சூப்பர் லீக் புட்பால், ஐஎஸ்எல்லயும் 2019-20ல இருந்து லீக் ஷீல்டு உண்டு, முதல்ல எஃப்சி கோவா வாங்கினாவ.

கடைக்கார அண்ணாச்சிகிட்ட இத சொன்னதும் அவிய கேட்ட முதல் கேள்வியே "அப்ப வருசா வருசம் பேரு ஏறணும்லா"ன்னுதான். மத்த கடையில எல்லாம் பளபளன்னு பிளாஸ்டிக் கப்ப எடுத்து நீட்டுவாவ, கடல்காத்துல ஒரு மழைக்காலம் தாண்டாது, மேல் பூச்சு உரிஞ்சிரும். இவிய கப்ப பித்தளையில போட்டு, பேஸுக்கு அயனி மரம் எடுத்து, உள்ள உள்ள போல்ட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மாட்டி குடுத்தாவ, இரும்பு போல்ட்டு போட்டா துரு இறங்கி மரத்தையும் கெடுத்துரும்னு அவியளே சொன்னாவ. டீம் பேரு போடுக பிளேட்ட பசை வச்சு ஒட்டல, குட்டி ஸ்க்ரூ போட்டிருக்கு, இடம் நிறைஞ்சா அடியில இன்னொரு தட்டு சேத்துக்கலாம், அப்படி கழத்தி மாட்டுக மாதிரியே பேஸ செஞ்சிருக்காவ. எழுத்து சும்மா மேல அச்சடிச்சது இல்ல, வெட்டினது, விரல் வச்சா தெரியும்.

குறைன்னா டைம்தான், சொன்ன தேதிக்கு கிடைக்கல, ரெண்டு மூணு தடவ போன் போட வேண்டி வந்துச்சு. பெட்டியும் சுமார், உள்ள வெல்வெட் துணி லூசா கிடக்கு, நாங்க வேற பெட்டி வாங்கிட்டோம். ரேட்டு பிளாஸ்டிக் கப்ப விட நல்லா கூடுதல்தான், ஆனா வருசா வருசம் புதுசு வாங்குக செலவு இல்லல்லா.

போறவிய டீம் பேர தமிழ்ல தெளிவா எழுதி கொண்டு போங்க, பிளேட்டு வெட்டுகதுக்கு முன்னால பேப்பர்ல பிரிண்ட் எடுத்து காட்ட சொல்லுங்க, கேட்டா முகம் சுளிக்காம காட்டுவாவ.