காட்ஸ்வோல்ட்ஸா, ஷ்ராப்ஷயரா, யார்க்‌ஷயர் வோல்ட்ஸா? இங்கிலாந்தின் மூன்று குன்றுநாடுகளில் சைக்கிள்

இங்கிலாந்தில் ரோடு சைக்கிள் ஓட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது மொத்த ஏற்றத்தின் கணக்கை. 100 கிலோமீட்டருக்கு 1,200 மீட்டர் என்று செயலி காட்டும். அந்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அதே 1,200 மீட்டரை நிலம் முப்பது சிறு அலைகளாகவும் தரும், மூன்றே சுவர்களாக எதிரில் நிறுத்தியும் தரும். எதைத் தரும் என்பது அடியில் கிடக்கும் பாறையைப் பொறுத்தது. ஊர்கள் எங்கே இருக்கும், எத்தனை தூரத்துக்கு ஒருமுறை தண்ணீர் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் அந்தப் பாறையின் முடிவுதான்.

ஆகவே மூன்று பாறைகள், மூன்று வட்டாரங்கள்: தென்மேற்கே காட்ஸ்வோல்ட்ஸ், வேல்ஸ் எல்லையோரம் ஷ்ராப்ஷயர் குன்றுகள், வடகிழக்கே யார்க்‌ஷயர் வோல்ட்ஸ். யார்க்‌ஷயர் டேல்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். 2014இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் லீட்ஸில் தொடங்கி அந்த வழியாகப் போன பிறகு அதைப் பற்றிப் பேசாதவர் இல்லை. அதோடு, என் கால்களைக் கேட்டால் அதைக் குன்று என்று ஒப்புக்கொள்ளாது, மலை என்றுதான் சொல்லும்.

முதலில் சந்தை ஊர்களைப் பற்றி ஒரு கணக்கு. 13ஆம் நூற்றாண்டின் ஆங்கிலேய நீதிபதி ஹென்றி டி பிராக்டன் பெயரால் வழங்கும் சட்ட விதி ஒன்று உண்டு. ஏற்கெனவே சந்தை கூடும் இடத்திலிருந்து ஆறு மைலும் ஒரு மைலில் மூன்றில் இரண்டு பங்கும் தாண்டித்தான் புதுச் சந்தை வரலாம். ஒரு நாளில் மனிதன் நடக்கக்கூடியது 20 மைல். அதை மூன்றாகப் பிரித்தால், போக ஒரு பங்கு, வாங்கி விற்க ஒரு பங்கு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப ஒரு பங்கு. அந்தத் தூரம் இன்றைக்கு ஏறத்தாழ 10.7 கிலோமீட்டர், சைக்கிளில் அரைமணி நேரம். நடக்கிறவனுக்காகப் போட்ட கணக்கு மிதிக்கிறவனுக்கு இவ்வளவு பொருந்துவது தற்செயல்தான். ஆனால் மூன்று வட்டாரங்களும் இந்தக் கணக்கை ஒரே மாதிரி மதிக்கவில்லை.

நன்றாக மதிப்பது காட்ஸ்வோல்ட்ஸ். மோர்ட்டன்-இன்-மார்ஷிலிருந்து ஸ்டோ-ஆன்-த-வோல்ட் 7 கிலோமீட்டர்தான். மோர்ட்டனிலிருந்து சிப்பிங் கேம்டன் 11 கிலோமீட்டர் அளவில் வரும். ‘சிப்பிங்’ என்ற முன்னொட்டுக்கே பழைய ஆங்கிலத்தில் சந்தை என்று பொருள். நம் ‘பேட்டை’ போல. இந்த ஊர்களைக் கட்டியது ஆட்டு ரோமம். கேம்டன் தெருவின் நடுவே 1627இல் எழுப்பிய சந்தை மண்டபம் இன்னும் நிற்கிறது. உள்ளே கூழாங்கல் தரை, மேடு பள்ளமாகத் தேய்ந்து கிடக்கும். சைக்கிள் ஷூவின் ஆணியோடு அதில் நடந்தால் வழுக்குவது உறுதி. ஸ்டோவுக்குச் சந்தை உரிமை கிடைத்தது 1107இல். சதுக்கத்துக்குள் நுழையும் சந்துகள் அவ்வளவு குறுகலாக இருப்பது ஆடுகளை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே விடுவதற்குத்தான் என்பார்கள். நம்பலாம்போலத்தான் இருக்கிறது.

நிலத்தின் வடிவம் இங்கே ஒருக்களித்துப் படுத்த பலகை. ஜுராசிக் காலத்துச் சுண்ணாம்புக்கல் மேற்கே செங்குத்தாக எழும்பி, கிழக்கும் தெற்குமாகத் தேம்ஸை நோக்கி மெல்லச் சரிகிறது. மிக உயர்ந்த இடமான கிளீவ் குன்றே 330 மீட்டர்தான். அந்த எண்ணைப் பார்த்து அலட்சியமாக மேற்கிலிருந்து வருகிறவர்களை டோவர்ஸ் ஹில், ஸ்டான்வே போன்ற ஏற்றங்கள் மூச்சுத் திணற வைத்துவிடும். ஆகவே கிழக்கே மோர்ட்டனில் தொடங்குங்கள்.

கிழக்குச் சரிவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விண்ட்ரஷ், கோல்ன், லீச் எல்லாம் தென்கிழக்காக ஓடும் ஆறுகள். ஆற்றோடு போனால் சுகமான சவாரி. ஆறுகளைக் குறுக்கே வெட்டிப் போனால் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஓர் இறக்கம், ஓர் ஏற்றம், மாலை வரை ஓயாது. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை. எட்டாவது ஏற்றத்தில்தான் முதல் ஏழும் கணக்குக் கேட்கும்.

குறை என்னவென்றால் கூட்டம். கோடை வார இறுதியில் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர், பைபரி இரண்டிலும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதுதான் வேகமான வழி. செவ்வாய்க்கிழமை மோர்ட்டனில் சந்தை. பார்க்க ஆசை என்றால் சரி, இல்லாவிட்டால் அன்று அங்கே தொடங்க வேண்டாம். ரோமானியர் போட்ட ஃபாஸ் வே இன்று ஏ429 நெடுஞ்சாலை. வரைபடத்தில் கோடு கிழித்தாற்போல் நேராகத் தெரியும், மனம் இழுக்கும். லாரிகளும் அதே எண்ணத்தில்தான் வருகின்றன.

ஷ்ராப்ஷயருக்கு வந்தால் பிராக்டனின் கணக்கு குலைந்துபோகிறது. லட்லோவிலிருந்து சர்ச் ஸ்ட்ரெட்டன் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், மச் வென்லாக் 30க்கும் மேல். நடுவே சிற்றூர்கள் உண்டு, திறந்திருக்கும் கடைக்கு உத்தரவாதம் கிடையாது. இரண்டு தண்ணீர்ப் புட்டிகளும் நிறைந்திருக்கட்டும்.

பாறை இங்கே ஒன்றாக இல்லை, அதனால் ஏற்றமும் ஒரு மாதிரி இல்லை. வென்லாக் எட்ஜ் சைலூரியன் காலத்துச் சுண்ணாம்புக்கல் விளிம்பு. ஒரு பக்கம் செங்குத்து, மறுபக்கம் சாய்வு. அதற்கும் கிளீ குன்றுகளுக்கும் நடுவே கார்வ்டேல் பள்ளத்தாக்கு. கால் சோர்ந்தவர்களுக்கு அங்கே நல்ல சாலை இருக்கிறது. லாங் மிண்ட் வேறு ரகம். கேம்ப்ரியனுக்கும் முந்தைய பழம்பாறை, 516 மீட்டர். சர்ச் ஸ்ட்ரெட்டன் ஊருக்குள்ளிருந்தே பர்வே என்ற ஒற்றைத்தடச் சாலை அதன்மேல் ஏறுகிறது. முதலில் வீடுகளுக்கு நடுவே ஏறும். பிறகு சாலையின் குறுக்கே பதித்த இரும்புக் கம்பிகள், மாடும் ஆடும் தாண்டாமல் இருக்க. மழையில் அவற்றை நேராகக் கடக்க வேண்டும், ஹேண்டிலை ஒரு விரற்கடை திருப்பினாலும் விழுவீர்கள். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் பள்ளத்தாக்கு. தடுப்புச் சுவரே இல்லை. 20 விழுக்காட்டுச் சரிவில், மூச்சுக்கும் பயத்துக்கும் நடுவே, ஓர் ஆடு சாலை நடுவில் நின்று நம்மையே பார்க்கும். அது நகராது. நாம் காலை ஊன்றினால் அந்தச் சரிவில் மறுபடி கிளம்புவது பெரும்பாடு.

மேலே போனால் வெறும் புல்லும் காற்றும், கிளைடர் விமானங்களும். மேற்குப் பக்கம் ஆஸ்டர்ட்டன் வழியாக இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிய பிறகு போங்கள். கியரைப் பொறுத்தவரை முன் பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால் மானத்தோடு ஏறலாம். காட்ஸ்வோல்ட்ஸுக்குப் பின்னால் போதுமான 28 பல் இங்கே போதாது.

ஊர்கள் குறைவு என்றாலும் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியது. லட்லோவில் நார்மன் கோட்டை வாசலிலேயே சந்தைச் சதுக்கம். மச் வென்லாக்கில் வில்லியம் பென்னி புரூக்ஸ் என்ற மருத்துவர் 1850இல் ஒலிம்பியன் விளையாட்டுகளைத் தொடங்கினார். 1890இல் நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபர்த்தேன் நேரில் வந்து பார்த்தார். ஏதென்ஸில் நவீன ஒலிம்பிக் நடந்தது 1896இல். வேடிக்கை என்னவென்றால் காட்ஸ்வோல்ட்ஸிலும் ஓர் ‘ஒலிம்பிக்’ உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் டோவர் நடத்தியது; கணுக்காலுக்கு மேலே உதைத்துக்கொள்வது அதில் ஒரு போட்டி. டோவர்ஸ் ஹில்லுக்கு அவர் பெயர்தான்.

யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு இருப்பதிலேயே பிடித்தது அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. சாக்பீஸ் போன்ற வெண்சுண்ணப் பாறை. உச்சி 246 மீட்டர். மழை பெய்தால் பாறை அப்படியே உறிஞ்சிவிடும். ஆறில்லாத, புல் போர்த்திய வறண்ட பள்ளத்தாக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரிந்து போகும். திக்சென்டேல் கிராமம் அப்படிப் பல பள்ளத்தாக்குகள் கூடும் இடத்தில் இருக்கிறது. அடிவாரச் சாலையில் மிதித்தால் ஏறுகிறோம் என்றே தெரியாது, வேகம் மட்டும் குறையும். பஞ்சரோ என்று குனிந்து டயரைப் பார்ப்பீர்கள். பஞ்சர் இருக்காது.

நீர் மேலே நிற்காததால் சந்தை ஊர்கள் விளிம்பில்தான்: மால்ட்டன், பாக்லிங்டன், மார்க்கெட் வெயிட்டன், டிரிஃபீல்ட், பெவர்லி. உள்ளே பண்ணைகளும் சிறு கிராமங்களும், குடி பெயர்ந்து பாழான வாரம் பெர்சி போன்ற ஊர்த் தடங்களும். ஆகவே பாதையை வட்டமாகப் போட வேண்டும். யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் சைக்கிள் பாதையும் அப்படித்தான், 146 மைல் வட்டம். மூன்று நாளில் நிதானமாக முடிக்கலாம். மார்க்கெட் வெயிட்டனில் 1787இல் பிறந்த வில்லியம் பிராட்லியின் உயரம் 7 அடி 9 அங்குலம். அவருக்கு எந்த அளவு ஃபிரேம் பொருந்தியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே ஓர் ஏற்றத்தைக் கடந்துவிட்டேன்.

இங்கே எதிரி காற்று. வயல்கள் பெரிது, மறைப்பு குறைவு. பெரும்பாலும் தென்மேற்குக் காற்று என்பதால் காலையில் அதை எதிர்த்துப் போய், மாலையில் முதுகில் வாங்கித் திரும்புங்கள். கடலோரம் பக்கம் என்பதால் வெயில் நாளிலும் திடீரென்று மூடுபனி உள்ளே வரும். பின்விளக்கு பையில் இருக்கட்டும்.

போக்குவரத்தில் மூன்றுக்கும் ரயில் உண்டு. லண்டன் பாடிங்டனிலிருந்து மோர்ட்டனுக்கு நேர் வண்டி. சைக்கிளுக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். லட்லோவும் சர்ச் ஸ்ட்ரெட்டனும் ஒரே பாதையில் இருப்பதால் ஓரிடத்தில் இறங்கி இன்னோரிடத்தில் ஏறலாம். பாக்லிங்டன், மார்க்கெட் வெயிட்டன் வழியாகப் போன யார்க்-பெவர்லி ரயில் 1965இல் மூடப்பட்டது. மால்ட்டன், டிரிஃபீல்ட் அல்லது பெவர்லியில் இறங்குவதே வழி.

முதல்முறை போகிறவருக்கு வோல்ட்ஸ். ஊர்களைப் பார்க்கத்தான் சைக்கிளே என்பவருக்குக் காட்ஸ்வோல்ட்ஸ், அதுவும் மே மாத வார நாளில். ஷ்ராப்ஷயருக்கு அந்த இரண்டையும் முடித்துவிட்டுப் போங்கள். கிளம்பும் முன் பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 50,000க்கு ஒன்று வரைபடத்தைப் பாருங்கள். சாலைமேல் ஓர் அம்புக்குறி என்றால் சரிவு 14 முதல் 20 விழுக்காடு. இரட்டை அம்பு என்றால் அதற்கும் மேல்.

வோல்ட்ஸ் வட்டத்தைச் சனிக்கிழமை பெவர்லியில் முடிக்கும்படி பாருங்கள். அன்று அங்கே சந்தை நாள். சதுக்கத்தின் பெயரே சனிச்சந்தை. மேற்கிலிருந்து வந்தால் வெஸ்ட்வுட் மேய்ச்சல் வெளியைக் கடக்க வேண்டும். சாலைக்கு வேலி கிடையாது, மாடுகளுக்கு முன்னுரிமை.