தாடைப் பருவுக்கு அடாபலீன் 0.1% ஜெல்: சென்னைப் புழுக்கத்துக்குச் சரிப்படுமா?

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டியோடு வரும் ஹார்மோன் கோளாறு) உள்ள பெண்களுக்குத் தாடை, மோவாய், கழுத்தின் மேல்பகுதி ஆகிய இடங்களில் வரும் பரு பிடிவாதமானது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் பெருத்து வலிக்கும். ஆண்ட்ரோஜென் என்ற ஆண் ஹார்மோனின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பு கூடி, துளைகள் அடைபடுவதே காரணம். தோலில் தடவும் பரு மருந்தான அடாபலீன் அந்த அடைப்பைத்தான் தடுக்கிறது, ஹார்மோனைத் தொடாது. இது தெரியாமல் வாங்கினால் ஏமாற்றம்தான்.

மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்து இது. கடையில் டியூபைத் திருப்பி, பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். எம்எஸ் என்றால் மெதுவாக வெளியாகும் வகை, எரிச்சல் குறைவு. சி என்றால் கூடவே கிளிண்டாமைசின் இருக்கும். ஆன்டிபயாடிக் என்பதால் மாதக்கணக்கில் தடவக் கூடாது. பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு கலந்தது நன்றாக வேலை செய்யும், ஆனால் தலையணை உறையும் துப்பட்டாவும் வெளுத்துவிடும்.

தடவும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். இரவில் முகம் கழுவி, ஈரம் முழுக்கக் காய 20 நிமிடம் விடுங்கள். ஈரத்தோலில் போட்டால் எரியும். முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதில் பயனில்லை, ஏனென்றால் அடுத்த பரு பக்கத்துத் துளையில் உருவாகிக்கொண்டிருக்கும். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரத்தை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒன்றுவிட்டு ஒரு நாள், மேலே எண்ணெய்ப்பசை இல்லாத மாய்ஸ்சரைசர். தொடக்க வாரங்களில் தோல் உரியும், பரு கூடவும் செய்யும். அங்கே நிறுத்திவிடாதீர்கள். பலனை 12 வாரம் கழித்தே எடைபோட வேண்டும்.

ஜெல் பிசுபிசுப்பதில்லை, சித்திரைப் புழுக்கத்திலும் தடவ முடிகிறது. பகலில் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம், இல்லையென்றால் பரு ஆறிய இடம் கறுத்துவிடும். ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் ஹெல்மெட்டின் தாடைப்பட்டையைத் துவைத்து வையுங்கள். வியர்வையும் உராய்வும் அதே இடத்தைக் கிளறும். மோவாய் முடிக்குத் திரெடிங் செய்வதானால் சில நாள் முன்பே ஜெல்லை நிறுத்துங்கள். வாக்சிங் வேண்டவே வேண்டாம், தோலோடு பிய்த்துக்கொண்டு வரும்.

சிறு குருணைப் பருவுக்கும் கரும்புள்ளிக்கும் இது அருமையான மருந்து. தாடையடியில் கட்டியாக நிற்கும் உள்பருவுக்கு இது மட்டும் போதாது. அதற்கு ஆண்ட்ரோஜெனைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை அல்லது ஹார்மோன் கூட்டு மாத்திரை (கருத்தடை மாத்திரை) தேவைப்படலாம். ஒற்றைத் தலைவலியோ ரத்தம் உறையும் கோளாறோ இருந்தால், கூட்டு மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். சீக்கிரம் மறையும் என்று பக்கத்து வீட்டார் தரும் ஸ்டீராய்டு கலந்த வெள்ளைக் கிரீமைத் தொடாதீர்கள். சில நாள் பளபளப்புக்குப் பின் தோல் மெலிந்து, புதுப் பரு கொத்தாக வரும்.

குழந்தைக்கு முயல்பவர்கள் அடாபலீனையும் ஸ்பைரோனோலாக்டோனையும் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். கருத்தரிப்பு சிகிச்சை பார்க்கும் மருத்துவரிடம் முகத்துக்குத் தடவும் மருந்தையும் சொல்லுங்கள். அவர் அஸெலாயிக் அமிலம் என்ற வேறொரு பரு மருந்துக்கு மாற்றித் தரலாம்.