திருச்செங்கோட்டுப் பட்டறையில் ஒரு வீட்டு வண்டிக்கு விலை கேட்ட கதை

மெல்பர்னிலிருந்து இந்த முறை ஊருக்கு வந்த ஆறு வாரங்களில், உறவினர் வீட்டு விசேஷங்கள் போக மிச்சமிருந்த நாள்கள் அனைத்தும் ஒரே வேலைக்குச் செலவாயின. பணி ஓய்வுக்குப் பிறகு ஆண்டில் பாதியை இந்தியாவில் கழிக்கவும், ஸ்பிதி, லடாக் வரை தார் காணாத தடங்களிலும் போய்வரவும், லாரி அடிச்சட்டத்தின் (சேசிஸ்) மேல் கட்டிய வீட்டு வண்டி ஒன்றை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் எண்ணம். ஆஸ்திரேலியாவில் இதற்கு இசுசு என்.பி.எஸ்., ஃபூசோ கேன்டர் ஆகிய நான்கு சக்கர இழுவை லாரிகளைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்; கார் உரிமத்துடனேயே ஓட்டுவதற்காக மொத்த எடையை 4.5 டன்னுக்குள் பதிவு செய்துகொள்வதும் உண்டு. இந்தியாவில் இலகுரக வாகனத்தின் வரம்பு 7,500 கிலோ என்பதால், இங்கே தாராளமாகக் கட்டிவிடலாம் என்ற நினைப்போடுதான் விமானம் ஏறினேன்.

கட்டுவதற்கு முன் ஒன்றில் தங்கிப் பார்ப்போம் என்று கோவையில் ஒரு நிறுவனத்திடம் ஓட்டுநருடன் கேரவன் ஒன்றை நான்கு நாள் வாடகைக்கு எடுத்தோம். இலகு லாரி அடிச்சட்டத்தில் கட்டப்பட்ட வண்டி அது. படுக்கை சுத்தமாக இருந்தது, குளிர்சாதனம் இரவு முழுவதும் ஓடியது, ஓட்டுநர் பொறுமைசாலி. இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாமக்கல்லுக்கு வெளியே ஓர் எடை மேடையைக் கண்டதும், ஓர் ஆர்வத்தில் வண்டியை ஏற்றச் சொன்னேன். நாங்கள் ஆறு பேர், நிரம்பிய தண்ணீர்த் தொட்டி, சாமான்கள் எல்லாம் சேர்த்து ஆர்.சி. புத்தகத்தில் இருந்த மொத்த எடையைவிட 160 கிலோ கூடுதலாகக் காட்டியது. முன்சக்கரங்களை மேடையிலிருந்து இறக்கிப் பின் அச்சை மட்டும் நிறுத்தியபோது, சுமையில் பெரும்பங்கு அங்கேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியும் பேட்டரிகளும் பின் அச்சுக்கும் பின்னால் வைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். ரசீதைப் பார்த்த ஓட்டுநர், "இதை ஓனர்கிட்டச் சொல்லிடாதீங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பின் அச்சுக்கு அப்பால் வால் நீண்ட வண்டி என்ன பாடுபடும் என்பதை அங்கே கண்டோம்: ஏற்றமும் திருப்பமும் ஒன்றாக வரும் இடங்களில் பின்பக்கம் இரண்டு முறை சாலையில் உரசியது. மேலே ஒரு திட்டின் மீது ஒரு சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்திவிட்டு இறங்கப் பார்த்தால் பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை. வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்திய பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் தானாகத் திறந்துகொண்டது.

இதன் காரணத்தை எனக்குப் புரியவைத்தவர் திருச்செங்கோட்டில் ஒரு பட்டறையின் மூத்த மேஸ்திரி. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகளுக்குப் பெயர்பெற்ற அந்த ஊரிலிருந்து புறப்படும் குழுக்கள், மாதக்கணக்கில் வெளிமாநிலங்களில் வண்டியோடு வண்டியாக உண்டு உறங்கி வேலை செய்கின்றன. அவர்களை மிஞ்சிய அனுபவசாலிகள் யார் என்று எண்ணித்தான் அங்கே போனேன். அவர் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே, எங்கள் வாடகை வண்டியின் கதவுச் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிவிட்டு, பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி கொண்டு தூக்கிக் கட்டையின் மேல் நிறுத்தினார். ஒரு நூல் விறைத்து நின்றது. மற்றது ஒரு விரல் அளவுக்குத் தொய்ந்தது. சட்டம் கோணிப்போனதால்தான் கதவு சிக்கிக்கொண்டது.

"லாரி சேசிஸ் முறுக்கிக்கிட்டுத்தாங்க போகும் தம்பி. அதுக்குன்னே செஞ்சது. பெட்டியை இறுக்கிப் போல்ட் போட்டீங்கன்னா ஒண்ணு பெட்டி கிழியும், இல்லைன்னா சேசிஸ் விரிசல் விடும்," என்றார். இதற்கு அவர் காட்டிய வழி நாமக்கல் பகுதியில் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருப்பதுதான். டேங்கர் உருளை வளையாது என்பதால், அதன் முன்பக்கத்தைச் சுருள்வில் வைத்த போல்ட்டுகளால் சிறிது எழும்பித் தாழும்படி விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத்தான் உறுதியாகப் பிணைப்பார்களாம். வெளிநாட்டு வண்டிகளில் மூன்று புள்ளித் தாங்கல் என்று பெரிய விலை சொல்லி விற்பதும் ஏறக்குறைய இதே தத்துவந்தான். பின்சக்கரங்களை இரட்டையாக விடாமல் ஒற்றை அகல டயராக மாற்றுவது பற்றிக் கேட்டேன். இரட்டை டயர்களின் நடுவே கல் சிக்கும், மணலில் முன்சக்கரத் தடத்தில் பின்சக்கரம் ஓடாது என்பதை ஒப்புக்கொண்டார்; ஆனால் அந்த அளவு டயர் வழியில் வெடித்தால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான்கு சக்கர இழுவை பற்றிய என் பிடிவாதமும் அங்கேதான் தளர்ந்தது. ராணுவத்துக்காக அசோக் லேலண்ட் தயாரிக்கும் ஸ்டாலியன் அந்த வகைதான் என்றாலும், அது கனரக உரிமம் கேட்கும் உருவம். இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் நான்கு சக்கர இழுவை கிடைக்கிறது. ஆனால் அவற்றின் முதுகில் நின்று சமைக்கும் அளவுக்கு வீடு கட்ட முடியாது. பட்டறையில் நின்ற ரிக் லாரிகளில் ஒன்றுகூட நான்கு சக்கர இழுவை இல்லை. அவை போகும் காட்டுக்குள்தான் நானும் போகப்போகிறேனா என்று மனைவி கேட்டாள்.

ஆவணங்கள் தனிக் கதை. பழைய சரக்கு லாரியை வாங்கி வீடாக மாற்றிவிடலாம் என்று ஒரு தரகர் உறுதி கூறினார், முன்பணமும் கேட்டார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும், தயாரிப்பாளரின் மூல வடிவத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியதும் நினைவுக்கு வந்ததால் மறுத்துவிட்டேன். இருக்கை, மேசை, படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்க இடம் ஆகியவை கொண்ட மோட்டார் கேரவனுக்கென்று ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையே இருக்கிறது. புதிய அடிச்சட்டம் வாங்கி, அந்த ஒப்புதல் பெற்ற கட்டுநரிடம் கொடுப்பதே நேர்வழி. செலவு கூடும், ஆனால் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றுக்குப் போகும்போது நெஞ்சு படபடக்காது.

அப்படிப்பட்ட ஒருவரை மேஸ்திரியே கரூரில் காட்டினார். சக்கர இடைவெளி குறைந்த, பின்சக்கர இழுவை கொண்ட 7 டன் அடிச்சட்டம், அச்சுகளுக்கு நடுவே தண்ணீர்த் தொட்டி, குட்டையான வால் என்பதுவரை முடிவாகிவிட்டது. உள்ளே போகும் ஒவ்வொரு சாமானையும் எடையோடு எழுதி அனுப்பினால்தான் இரும்பை அறுப்பேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டதால், மெல்பர்ன் திரும்பியதும் பட்டியலைத் தொடங்கினேன். தண்ணீர் 200 கிலோ, பேட்டரிகள், மெத்தை, அடுப்பு என்று அது இப்போது 1,340 கிலோவில் நிற்கிறது. அதில் 11 கிலோ என் மனைவியின் மாவரைக்கும் கிரைண்டர். அதை மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் அவள் மீண்டும் எழுதிவைத்திருக்கிறாள்.