மொட்டமாடி புரொஜெக்டர்: பாம்பன் காத்துல பாத்த ரிவ்யூ

ஆன்லைன்ல வாங்குன சின்ன புரொஜெக்டர், 8,500 ரூவா. பிராண்ட் பேரு வேணாம். டப்பாவுல "4கே சப்போர்ட்"னு பெருசா போட்டுருக்கும், நம்பிறாதீங்க, 4கே வீடியோ குடுத்தா வாங்கிக்கும் அவ்ளோதான், துணில விழுறது 720பி. ஆறரைக்குப் போட்டா வெறும் வெளிச்சம், நல்லா இருட்டுனாத்தான் மூஞ்சியே தெரியுது. ஃபேன் சத்தம் வல்லத்து (நாட்டுப் படகு) மோட்டார் கணக்கா இருக்கு.

மீன்புடி தடைக்காலம், 61 நாள் விசைப்படகு எல்லாம் கரையில, அதனால கூட்டாளிங்க மூணு பேரும் ஊர்லதான். பெட்ஷீட்ட கட்டுனா கச்சான் காத்துல படகுப் பாய் மாதிரி ஊதுது, ஒருத்தன் வீட்டுக்குப் போயி பழைய வலைல இருந்து ஈயக்குண்ட அத்துட்டு வந்து கீழ் ஓரத்துல வரிசையா கட்டுனான் பாருங்க, அப்புறம் அசையல.

போட்ட படம் 'ஸ்டாண்ட் பை மீ', 1986ல ராப் ரெய்னர் எடுத்தது. நாலு பசங்க தண்டவாளத்தோட நடந்து, செத்துக் கெடக்குற ஒரு பையனத் தேடிப் போறானுங்க (கெட்ட வார்த்த நெறய, சின்னப் புள்ளைகளுக்கு வேணாம்). பாலத்து நடுவுல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டு பின்னாடி ரயில் வர்ற சீன்ல மாடில ஒருத்தனும் மூச்சு விடல. பாம்பன்காரனுக்கு அது படமா என்ன! ப்ளூடூத் ஸ்பீக்கர் மட்டும் மானத்த வாங்கிருச்சு, வாய் முதல்ல அசையுது, பேச்சு அப்புறம் வருது.

தேடிப் போனத கண்டுபிடிச்சு அவனுங்களுக்கு ஒண்ணும் கெடைக்கல, பேரு கூட வாங்கிக்கல. வழில யாரு அழுதான், யாரு பக்கத்துல உக்காந்தான், அதான் படமே. ஊருக்கு வந்தப்புறம் ரெண்டு பேரு மெல்ல மெல்ல ஒதுங்கிப் போயிர்றான், சண்டயெல்லாம் இல்ல, சும்மா அப்புடியே. அத மறைக்காம சொன்னதுதான் எனக்குப் புடிச்சது. சினிமால பொதுவா சாகும்வரை நட்புன்னு அடிச்சு விடுவாங்கல்ல.

நாங்களும் எட்டாப்பு படிக்கும்போது டியூசன்னு பொய் சொல்லிட்டு முகுந்தராயர் சத்திரத்துல இருந்து தனுஷ்கோடி சர்ச்சு வரைக்கும் மணல்ல நடந்தோம், 2017க்கு முந்தி அங்க ரோடு ஏது. பாதி வழில என் செருப்பு அந்து போச்சு, மணலு கொதிக்குது, கூட்டாளில ஒருத்தன் அவனோட ஒத்தச் செருப்பக் கழட்டிக் குடுத்தான், ஆளுக்கு ஒரு காலு நொண்டிக்கிட்டே போனோம். சர்ச்சு சுவரு எப்புடி இருந்துச்சுன்னு கேட்டா எனக்கு ஞாபகமே இல்ல.

படம் முடிஞ்சதும் "அது என் செருப்புடா மாப்ள, நீ இன்னும் திருப்பித் தரல"ன்னான். எங்கிட்ட கேட்டா அஞ்சுக்கு மூணு ஸ்டார். ரிட்டர்ன் போடலாம்னுதான் இருந்தேன், வீட்ல புள்ளைகளுக்கு ஒரு நாள் காட்டிட்டுத் தர்றேன்னு அவன் எடுத்துட்டுப் போனான், பத்து நாளாச்சு, கேட்டா செருப்பக் குடுங்குறான்.